மடிக்கணினிக்குப் போர்த்திய பொன்னாடை

1

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். குத்தாலம் கடைத்தெருவில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ். இடப்பக்கம் ஒரு காதணி விழா, வலப்பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி, நடுவில் நான்.

பிழைகளை வரிசையாகக் குறித்துவைப்பது என் தொழில். அந்தப் படத்திலும் அதைத்தான் செய்தேன். அதில் எழுதியிருந்ததுபோல் நான் அமெரிக்காவில் இல்லை. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. தண்ணீர் பம்புகளை இயக்கும் மென்பொருளைச் சோதிக்கிறவள். நான் கறுப்புக் கோட்டு போட்டதே இல்லை. தோழியின் கல்யாணத்தில் எடுத்த படத்தில் புடவையை வெட்டிவிட்டுக் கோட்டை ஒட்டியிருக்கிறார்கள். காதில் ஜிமிக்கி மட்டும் அப்படியே இருந்தது. கடைசியாக, வெற்றியின் ரகசியத்தைச் சொல்வதாக நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

கீழே, ‘மாபெரும் இலவச மேற்படிப்பு வழிகாட்டு முகாம்’ என்று இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில்.

முகாமின் ஒருங்கிணைப்பாளர் குணசேகரன் என்பவர். நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் என்று சொல்லித்தான் என்னிடம் பேசியிருந்தார். ரயிலை விட்டு இறங்கியதும் அவரை அழைத்தேன்.

“சார், நான் இருக்கறது ஜெர்மனி.”

“தெரியும் மேடம். ஜெர்மனின்னு போட்டா சனங்களுக்குப் பதியாது. அமெரிக்கான்னா டக்குனு புரியும். எப்படிப் பாத்தாலும் ஃபாரின்தானே.”

“விஞ்ஞானின்னு வேற போட்டிருக்கீங்க.”

“நீங்க ரொம்ப அடக்கம் மேடம்.”

அந்த அடக்கத்தை விட்டுவிடத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மாலை சித்தப்பாவின் குரல் பதிவு வந்தது. அவருக்கு ஒரே மகள், யாழினி. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். “ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க மாட்டேங்கறா, பாப்பா. ஹிஸ்டரி படிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. முகாமுல நீ ஒரு வார்த்தை சொன்னீன்னா கேப்பா.”

யாழினி எனக்கு முன்பே எழுதியிருந்தாள். நிலத் தீர்வை கட்டிய ரசீதில் பசலி என்று ஓர் ஆண்டு போட்டிருக்கிறதாம். அது தமிழ் ஆண்டும் இல்லை, இங்கிலீஷ் ஆண்டும் இல்லை. ‘அப்ப அது யாரோட வருஷம் அக்கா? அப்பாவுக்கும் தெரியல. விஏஓ சாரும், எப்பவும் அப்படித்தான் போடறதுங்கறார். இத எந்த குரூப்ல படிக்கலாம்?’

இவ்வளவுதான் அவள் கேட்டது. இதற்கு ஒரு கல்யாண மண்டபம் தேவைப்பட்டது.

2

முகாமில் பேச நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

இங்கே எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைகளில் ஒரு குழு கூடுகிறது. பெட்ரா என்ற ஆலோசகர் நடத்துகிறார். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வருவார்கள். இன்னும் சில ஆண்டுகளில் என்ன படிப்பது, எந்தப் பயிற்சியில் சேர்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள். தொழில்நுட்ப வேலை பார்க்கிறவள் ஒருத்தி இருந்தால் நல்லது என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

இந்த நாட்டை உயர்த்திச் சொல்ல நான் வரவில்லை. இங்கே நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் நோக்கிப் போகிற பள்ளி ஒன்று, தொழிற்பயிற்சி நோக்கிப் போகிற பள்ளி ஒன்று, நடுவில் ஒன்று. பத்து வயதில். ஆசிரியர் அதற்கு ஒரு பரிந்துரை எழுதுவார். வாசகங்கள் மிக மரியாதையாக இருக்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அந்த அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, ஸ்கேன் முடிவைச் சொல்கிறவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“பையன் கம்மியா பேசறானாம். அதனால நடு ஸ்கூல் போதும்னு எழுதிட்டாங்க.”

“எந்த மொழியில கம்மியா பேசறான்?”

“ரெண்டுலயும்தான்,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வீட்டில் அவர் தமிழில் கேட்டால் மகன் ஜெர்மனில் பதில் சொல்வான். அதுவும் ஒரு சொல்லில்.

பெட்ராவின் குழுவுக்கு வருகிறவர்கள் அப்படிப் பிரித்து ஒதுக்கப்பட்டவர்கள்தான். வெட்டியவர்களே தையல் போட ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தையல் நல்ல தையல்.

பெட்ராவின் விதிகள் சில. நாற்காலிகள் வட்டமாக இருக்கும். என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கக் கூடாது. மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. தெரியாது என்பது முழுமையான பதில். அதற்கு விளக்கம் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் ஒருவர், இன்னொருவர் செய்து தான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பாராட்டாக இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்.

முதல் நாள் நான் அந்தப் பிள்ளைகளை, பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லால் அழைத்துவிட்டேன். தெரியாதவர்களை நீங்கள் என்று சொல்லி வளர்ந்த நாக்கு. எல்லோரும் சிரித்தார்கள். எலிஃப் என்ற பெண் மட்டும், “எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாற்றாதீர்கள்,” என்றாள். அதனால் மாற்றவில்லை.

எலிஃப் தனக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு வாரம் அவள் தோழி சொன்னாள்: “பேருந்து ரத்தானால், நாங்கள் எல்லோரும் புலம்பிக்கொண்டிருக்கும்போது நீ எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்லிவிடுகிறாய். நான் பார்த்திருக்கிறேன்.” இரண்டு வாரம் கழித்து எலிஃப், போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் என்ன படித்திருப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் சேர்ந்து தேடினோம்.

பெட்ராவின் அறிக்கைகளில் இதற்குக் கனமான பெயர் இருக்கிறது. எனக்குப் புரிந்தவரை விஷயம் எளியது. ஒரு பிள்ளை தன்னைப் படிக்கிறவளாக நினைத்துக்கொள்வதற்கு, அவள் யோசிப்பதை இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததைச் சொல்லவும் வேண்டும்.

இதை எங்கள் ஊரிலும் செய்யலாம் என்று நினைத்தேன். பெட்ராவின் விதிகளைத் தமிழில் எழுதி குணசேகரனுக்கு அனுப்பினேன். சிறு சிறு வட்டமாக உட்காரவையுங்கள் என்று கேட்டேன். “ஆகட்டும் மேடம்,” என்றார். அவர் எதற்குமே ஆகட்டும் என்றுதான் சொன்னார்.

3

என் பள்ளியில் இந்தப் பிரிப்பு எப்படி நடந்தது என்று பலரும் அறிவீர்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். மதிப்பெண் வரிசைப்படி பெயர்கள் இருந்த தாளில் அவர் ஸ்கேலை வைத்து இரண்டு கோடுகள் போட்டார். மேல் கோட்டுக்கு மேலே ஃபர்ஸ்ட் குரூப். நடுவில் இருப்பவர்கள் காமர்ஸ். கீழே இருப்பவர்கள் மிச்சம். மிச்சம் என்றுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு வேறு பத்து வேலைகள் இருந்தன.

நான் மேல் கோட்டுக்கு மேலே இருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. எனக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. வேலை இருக்கிறது, அந்த வேலை பிடித்தும் இருக்கிறது. அதனால்தான் நான் பேசுவது எடுபடுவதில்லை. கோட்டுக்குக் கீழே இருந்தவள் பேசினால் வயிற்றெரிச்சல் என்பார்கள். மேலே இருந்தவள் பேசினால் அடக்கம் என்கிறார்கள்.

இங்கே என் குடியிருப்பு அனுமதியோடு வந்த தாளில் நான் என்ன வேலை செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. முதல் சில ஆண்டுகள் அந்த வரிக்கு வெளியே நான் எதுவும் இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே வேறு பிரிவுக்கு மாற நினைத்தபோது அலுவலகத்தில் இருந்த பெண் கேட்டார்: “நீங்கள் யார் என்று இங்கே எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் மாறுகிறீர்கள்?” அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அந்த அறையில் எனக்குத் தலைமையாசிரியரின் ஸ்கேல்தான் நினைவுக்கு வந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை. குத்தாலத்தில் காலை பத்தரை, இங்கே ஏழு. காபியோடு உட்கார்ந்து இணைப்பைத் திறந்தேன்.

வட்டம் எதுவும் இல்லை. மண்டபம் முழுக்க வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள், பின்னால் போகப் போகக் குறைந்தவர்கள். மேடையின் பின்திரையில் ஒரு விடுதிப் பள்ளியின் கட்டடம், நீச்சல்குளத்தோடு. மேற்கு மாவட்டம் ஒன்றில், காலையும் இரவும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி. குணசேகரன் அந்தப் பள்ளிக்கு ஆள் சேர்க்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய மாணவர் என்பதும் பொய் இல்லை. இரண்டும் அவர்தான்.

என் மைக்கைத் திறக்கப் பார்த்தேன். அமைப்பாளர் அனுமதித்தால்தான் திறக்கும் என்று திரையில் வந்தது.

“நேர்ல வர முடியாத காரணத்தால,” என்று குணசேகரனின் குரல் கேட்டது, “மேடத்துக்கு நம்ம அன்பைக் காட்டற விதமா இப்ப பொன்னாடை போத்தறோம்.”

யாரோ ஒருவர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு கேமராவை நோக்கி வந்தார். மடிக்கணினிக்கு அதைப் போர்த்தினார். எனக்கு மண்டபம் மறைந்து, அரக்கு நிறமும் சரிகையும் மட்டும் தெரிந்தன. கைதட்டல் கேட்டது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. போர்த்திய பொன்னாடையை உடனே எடுப்பது மரியாதை இல்லை அல்லவா. மேடையின் பெரிய திரையில் என் முகம் அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எனக்கு அவர்கள் தெரியவில்லை. முகாமின் மிச்சத்தை நான் காதால்தான் பார்த்தேன்.

பிள்ளைகளை மேடைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பெயர், அப்பாவின் வேலை, மதிப்பெண், என்ன ஆகப்போகிறாய். பதில் சொன்னதும் ஓர் அட்டையைச் சட்டையில் ஊக்கால் குத்தினார்களாம். ‘வருங்கால டாக்டர்’, ‘வருங்கால கலெக்டர்’ என்று அச்சடித்துவந்த அட்டைகள். டீக்கடையில் மாஸ்டருக்குச் சொல்வதுபோல் குணசேகரன் உள்ளே குரல் கொடுத்தார்.

“கலெக்டர் ஒண்ணு எடுங்கப்பா.”

“கலெக்டர் தீந்துபோச்சு சார்.”

“அப்ப போலீஸ் குடு. அதுவும் கவர்மென்ட்டுதான்.”

மண்டபம் சிரித்தது.

அபிநயா என்று ஒரு பெண் வந்தாள். டாக்டர் என்றாள், தயங்காமல். மதிப்பெண்ணைக் கேட்டார்கள், சொன்னாள். “சரி, ஆசைப்படறதுல தப்பில்ல,” என்றார் குணசேகரன். அட்டை குத்தினார்கள். சிலர் தட்டினார்கள்.

பிறகு யாழினி.

“வாங்க வாங்க. நம்ம முதல் மதிப்பெண். நீங்க என்ன ஆவப்போறீங்க?”

“இன்னும் தெரியல சார்.”

“கூச்சப்படாம சொல்லும்மா.”

“கூச்சம் இல்ல சார். தெரியல. ஹிஸ்டரி எகனாமிக்ஸ் குரூப் எடுத்துப் படிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்.”

“இவ்ளோ மார்க்க வாங்கிட்டு ஹிஸ்டரியா? செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் வைத்தியம் பாக்கப் போறியா?”

சிரிப்பு அடங்க நேரமானது. பெற்றவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். கொஞ்ச நேரமாவது வேறு யாரோ கீழே இருந்தார்கள்.

“உங்க அக்காவையே கேட்டுடுவோம். மேடம், தங்கச்சிய ஃபர்ஸ்ட் குரூப்ல சேக்கலாமா? கொண்டுபோய் நம்ம ஸ்கூல்ல விட்டுடலாமா?”

நான் மூடியிருந்த மைக்கில், “வேண்டாம். அவளைக் கேளுங்க,” என்றேன். கேட்காது என்று தெரிந்ததால் தலையையும் ஆட்டினேன். இடமும் வலமுமாக, கழுத்து வலிக்கும்படி.

“பாருங்க, மேடமே தலையாட்டறாங்க. சேருங்கறாங்க.”

நம் ஊரில் சரி என்பதற்கும் தலை பக்கவாட்டில்தான் ஆடும். நான் வேண்டாம் என்று ஆட்ட ஆட்ட, மண்டபம் என் சம்மதத்துக்குக் கைதட்டியது.

“டாக்டர் ஒண்ணு எடுங்கப்பா.”

“டாக்டர் இல்ல சார். கடைசி அட்டை இப்பத்தான் போச்சு.”

“யாருக்கு?”

“அந்தப் பொண்ணுக்கு.”

“அதை வாங்கிட்டு வா. அதுக்கு நர்ஸ் குடுத்துடு.”

நர்ஸ் வேலையில் எந்தக் குறையும் இல்லை. கேட்டவளுக்குக் கொடுத்ததைப் பிடுங்கிவிட்டு, கேட்காததை மிச்சமாகக் கொடுத்தார்கள். அதில் இரண்டு வேலைகளும் அழுக்காயின.

“வேணாம் சார், அது அவளோடது,” என்று யாழினியின் குரல் கேட்டது. பாதியில் மைக் நகர்ந்துவிட்டது. அடுத்து கேட்டது கைதட்டல்.

சித்தப்பாவின் செல்பேசிக்கு அழைத்தேன். மண்டபத்தில் அது ஒலிப்பது மடிக்கணினி வழியாக எனக்கே கேட்டது. அவர் துண்டித்தார். மறுபடி அழைத்தேன். எடுத்து, “மீட்டிங்ல இருக்கேன்மா,” என்றார்.

“தெரியும் சித்தப்பா, நானும் அதுலதான் இருக்கேன். ஃபோனை மைக்குக்கிட்ட கொண்டு போங்க.”

“எல்லாரும் பாக்கறாங்க பாப்பா. மானம் போயிடும்.”

வைத்துவிட்டார். நான் இணைப்பிலிருந்து வெளியேறினேன். பெரிய திரையில் என் இடத்தில் நீச்சல்குளம் வந்ததாம். யாரும் கவனிக்கவில்லை என்று யாழினி பிறகு சொன்னாள்.

காபி ஆறியிருந்தது. குடிக்க முடியவில்லை. அருவருப்பு என்ற சொல்லை நான் சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் மட்டுமே பயன்படுத்தி வந்தேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

5

மாலையில் சித்தப்பாவே அழைத்தார். வயலில் இருந்தார். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

“வெள்ளிக்கிழமை ஸ்கூல் வண்டி வருது. டிசி வாங்கிக் குடுத்தா அவங்களே கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“யாழினி போறேன்னாளா சித்தப்பா?”

“பதினஞ்சு வயசுப் புள்ள என்னத்தச் சொல்லும்? நீ ஃபர்ஸ்ட் குரூப் படிச்சுத்தானே அங்க உக்காந்திருக்க? அதே ரோட்டுல என் பொண்ணும் போனா என்ன தப்பு?”

“தப்புன்னு சொல்லல. அவ போறேன்னு சொன்னா போகட்டும். தெரியலன்னுதானே சொன்னா.”

“தெரியலன்னு சொல்லிட்டு நின்னவன்தான் நானும். இதோ வயல்ல நிக்கிறேன்.”

 மழை தவறினாலும் தண்ணீர் தவறினாலும் அவர்தான் பார்க்கிறார். நான் பம்பைத் திரையில் பார்க்கிறவள். பிறகு வேறொன்றைக் கேட்டேன்.

“அபிநயா யாரு சித்தப்பா?”

“நம்ம கோவிந்தன் பொண்ணு. தெருக் கடைசி வீடு.”

“அவ சட்டையிலேந்து எடுத்துத்தான் நம்ம புள்ளைக்குக் குத்தினாங்க. பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்பறம்?”

“கை தட்டினேன்,” என்றார்.

யாழினியிடம் செல்பேசியைக் கொடுக்க வீட்டுக்கு நடந்துபோகும் காலடிச் சத்தம் கேட்டது.

யாழினி அழவில்லை. அவள் அழும் ரகம் இல்லை. “அக்கா, அந்த அட்டையோட ஊக்கு வளைஞ்சிருக்கு. அவ சட்டையிலேந்து இழுத்தப்ப வளைஞ்சது. திருப்பிக் குடுக்கப் போனேன். அவங்கம்மா வாசல்லயே நின்னு, தூங்கறான்னுட்டாங்க. உள்ள டிவி பாக்கற சத்தம் கேக்குது.”

“அவ உண்மையிலேயே டாக்டர் ஆகணும்னு நினைக்கிறாளா?”

“ஆமா. எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? அவ செஞ்சு நீ பாத்தது எதாவது சொல்லு.” பெட்ராவின் கேள்விதான் வாயில் வந்தது.

கொஞ்சம் யோசித்தாள். “எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு வலிப்பு வரும் அக்கா. வந்தா எல்லாரும் சாவிக்கொத்தத் தேடி ஓடுவாங்க, கையில இரும்ப வெக்கணும்னு. டீச்சரும்தான். அபி மட்டும் பெஞ்ச எல்லாம் நகத்திட்டு, அவள ஒருக்களிச்சுப் படுக்கவெச்சுட்டு, கடியாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. எவ்வளவு நேரம் வந்துச்சுன்னு டாக்டருக்குச் சொல்லணுமாம். லைப்ரரில படிச்சாளாம்.”

“இதை அவகிட்ட எப்பவாவது சொல்லியிருக்கியா?”

“இல்ல.”

“உன்னைப் பத்தி அவளைக் கேட்டா என்ன சொல்லுவா?”

“இன்னிக்கா? திருடின்னு சொல்லுவா.”

மாலை முழுவதும் நான் அந்த மண்டபத்தைப் பற்றியே யோசித்தேன். அத்தனை பெரியவர்கள், அத்தனை நாற்காலிகள், ஒலிபெருக்கி, குத்துவிளக்கு. வலிப்பு வந்த பிள்ளைக்கு அருகே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவள் அங்கே இருந்தாள். பசலி யாருடைய ஆண்டு என்று கேட்டவளும் இருந்தாள். அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள அந்த இடத்தில் ஒரு கேள்வி கூட இருக்கவில்லை. ஒருத்தியிடம் பிடுங்கினார்கள், ஒருத்திக்குக் குத்தினார்கள். நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒரே காலையில் பிடுங்கப்பட்டவளும் திருடியுமாக ஆனார்கள். இதற்கு வழிகாட்டு முகாம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

6

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. குணசேகரனும் கூட வந்தார். இதை யாழினி சொல்லித்தான் அறிந்தேன். அவள் உள்ளே ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

சித்தப்பா, இன்னும் ஒரு வாரம் யோசிக்கலாம் என்று இருக்கிறேன் என்றாராம். அவ்வளவுதான் சொன்னார், அவர் முடிவெடுத்திருக்கவில்லை.

“இனிமே என்ன சார் யோசிக்கறது? மேடையில அட்டையே வாங்கியாச்சு. ஊரே பாத்துச்சு. அமெரிக்காவுலேந்து அக்காவே தலையாட்டிட்டாங்க.”

“அவ ஜெர்மனி,” என்றாராம் சித்தப்பா.

“எதோ ஒண்ணு சார்.”

“எதோ ஒண்ணு இல்ல. ஜெர்மனி. அவ ஆட்டினது வேணாம்னு. ஆமான்னா எப்படி ஆட்டுவா, இல்லன்னா எப்படி ஆட்டுவான்னு எனக்குத் தெரியாதா? தூக்கி வளத்தவன்யா நான். தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்.”

“இப்ப என்னதான் சொல்றீங்க?”

“சட்டையில குத்தின அட்டைக்காகப் புள்ளைய அனுப்ப முடியாது. கெளம்புங்க.”

வண்டி போய்விட்டது. அடுத்த ஊரின் முதல் மதிப்பெண்ணைத் தேடித்தான் போயிருக்கும்.

யாழினி இப்போது உள்ளூர்ப் பள்ளியிலேயே வரலாறு, பொருளியல் படிக்கிறாள். சேர்க்கை அன்று தலைமையாசிரியர், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, தப்பான வரிசையில் நிற்கிறாயா என்று கேட்டாராம். முதல் நாள் வகுப்பாசிரியையும் அதையே கேட்டிருக்கிறார். பசலிக்குப் பதில் கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். “கொஞ்சம் கெடைச்சுது அக்கா. முகலாயர் காலத்துல வரி வசூலுக்காக வெச்ச கணக்காம். அறுவடையப் பாத்து ஆரம்பிச்சது. ஆனா யாரோட அறுவடைன்னு இன்னும் தெரியல. நம்மளோடதா இருக்க முடியாது, பசலி ஜூலையில பொறக்குது, நம்ம ஊர்ல அப்ப நாத்துதானே இருக்கும்.” இதைச் சொல்லும்போது அவள் குரல் எலிஃப்பின் குரலைப் போல இருந்தது. என்ன ஆகப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

அபிநயா பக்கத்து வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள். அந்த மதிப்பெண்ணுக்கும் இடம் இருந்தது. முகாமில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரே சுவர். அபிநயா இன்னும் யாழினியிடம் பேசவில்லை. சாவிக்கொத்தும் கடிகாரமுமான அந்த விஷயத்தைச் சொல்ல யாழினி காத்திருக்கிறாள். பேசினால் மட்டுமே சொல்ல முடியும். எழுதிக் கொடுத்தால் கிழித்துவிடுவாளாம்.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில் சித்தப்பா மறுபடி ஒரு படம் அனுப்பினார். திருப்பனந்தாளில் புதிதாகக் கட்டிய ஃபிளெக்ஸ். அதே பள்ளி, அதே கோட்டு, அதே நான். இந்த முறை லண்டன். பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதினேன்: என் படத்தை எடுங்கள், நான் உங்கள் பள்ளியைப் பரிந்துரைக்கவில்லை, நான் லண்டனிலும் இல்லை. உடனே பதில் வந்தது. எங்கள் சேர்க்கையில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் அலுவலர் விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்.

அந்தப் பதிலைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ம் என்றார்.

மறுநாள் மதியம் நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. முகாமில் எனக்குப் போர்த்திய பொன்னாடையை என் சார்பில் சித்தப்பாவிடம்தான் கொடுத்திருந்தார்கள். அதை வண்டியில் வைத்துக்கொண்டு திருப்பனந்தாள் வரை போயிருக்கிறார். யாரிடமோ ஏணி வாங்கி ஏறி, ஃபிளெக்ஸில் என் முகத்தின் மேல் போர்த்தி, நாலு மூலையிலும் சணல் போட்டுக் கட்டியிருக்கிறார்.

“கழட்டினா கேஸு கீஸுன்னு வருவான் பாப்பா. அதான் போத்திவிட்டேன். பொன்னாடை போத்தினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல. கீழ நின்ன ஆளுங்க கை தட்டினாங்க.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டு தெரியவில்லை, லண்டன் தெரியவில்லை. சரிகைக்குக் கீழே ஒரு பக்கத்து ஜிமிக்கி மட்டும் வெளியே தெரிந்தது. அது ஒன்றுதான் என்னுடையது.